ஒயிட் கோல்டு நகை மஞ்சளடிக்கிறதா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் முறை

ஒயிட் கோல்டு மோதிரம் வாங்கி ஒன்றரை வருஷம் இருக்கும். உள்ளங்கைப் பக்கம் மட்டும் லேசாக மஞ்சளடித்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, பற்பசையைப் போட்டு நன்றாகத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, இன்னும் கொஞ்சம் பரவியது. கடைக்காரர் மீது தப்பில்லை, தப்பு என் கையில்தான் என்று பிறகுதான் புரிந்தது. புதிதாக வாங்கியவர்கள் அதே வேலையைச் செய்யாமலிருக்க இந்த விளக்கம்.

படி 1: கையில் இருப்பது என்ன?

தங்கம் இயல்பிலேயே மஞ்சள். அதோடு பல்லேடியம், நிக்கல், வெள்ளி, துத்தநாகம் போன்ற வெளிறிய உலோகங்களைச் சேர்த்து உருக்கினால் நிறம் மங்கும். 18 கேரட் என்றால் 75 சதவீதம் தங்கம், மீதி 25 சதவீதம் இந்தக் கலவை. 22 கேரட்டில் ஒயிட் கோல்டு கிடைக்காததற்குக் காரணமும் இதுதான்: அதில் பிற உலோகத்துக்கு இருக்கும் இடம் 8 சதவீதம் சொச்சம், மஞ்சளை அடக்க அது போதாது.

இவ்வளவு கலந்தும் பளீர் வெள்ளை வருவதில்லை. பெரும்பாலான கலவைகளில் பழுப்போ வெளிர் மஞ்சளோ கலந்த சாம்பல் நிறம்தான் வரும். அதனால் மேலே ரோடியம் முலாம் பூசுகிறார்கள். கடையில் நம்மை மயக்குகிற அந்தக் கண்ணாடி வெள்ளை ரோடியத்தின் நிறம். பிளாட்டினத்தின் உறவுக்கார உலோகம் அது; வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1804ல் கண்டறிந்து அறிவித்தார். மோதிரத்தில் நல்ல பூச்சு என்றாலே ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துப் பாருங்கள். தினமும் உரசும் இடத்தில் அது தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படி 2: முத்திரையைப் படியுங்கள்

மோதிரத்தின் உள்பக்கம், சங்கிலியின் கொக்கி, கம்மலின் தண்டு ஆகிய இடங்களில் பாருங்கள். 750 என்றால் 18 கேரட், 585 என்றால் 14 கேரட். 925 இருந்தால் அது வெள்ளி. 950 என்ற எண்ணைப் பெரும்பாலும் பிளாட்டினத்தில் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கலவையில் நிக்கல் இருக்கிறதா என்று முத்திரை சொல்லாது, கடையில்தான் கேட்க வேண்டும். முலாம் தேய்ந்தபின் விரலில் அரிப்போ சிவப்போ வந்தால் முதல் சந்தேகம் நிக்கல் மேல்தான் வரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நகையிலிருந்து நிக்கல் எவ்வளவு கசியலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்கள் பல்லேடியம் கலவையைக் கேட்டு வாங்குவது நல்லது. விலை கூடும், ஆனால் சொறிந்துகொண்டே நகை போடுவதில் என்ன சுகம்?

படி 3: அழுக்கா, தேய்மானமா?

இதைக் கண்டுபிடிக்காமல் கடைக்கு ஓடாதீர்கள். நகையைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மொத்தமாக மங்கியிருந்தது கழுவியதும் தெளிந்தால், அது சோப்பும் சருமத்தின் எண்ணெயும் சேர்ந்த படலம். உள்ளங்கைப் பக்கமும் விளிம்பும் மட்டும் மஞ்சளாகவும் கல்லைச் சுற்றி வெள்ளையாகவும் இருந்தால் முலாம் தேய்ந்திருக்கிறது. எந்தச் சோப்பும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

படி 4: கழுவும் முறை

கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பதினைந்து நிமிஷம் ஊறட்டும். குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கியால் கல்லின் அடிப்பகுதியை மெதுவாகத் தேய்க்கவும். கை கிரீமெல்லாம் அங்கேதான் போய் அடைந்து கிடக்கும். இன்னொரு கிண்ணம் நல்ல நீரில் அலசுங்கள். குழாயடியில் வேண்டாம், கல் கழன்றால் சாக்கடைக்குப் போய்விடும். பஞ்சு ஒட்டாத துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது. முத்து, ஓப்பல், மரகதம் பதித்த நகையை ஊறவைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

துடைக்கும்போதே ஒரு சோதனை. பருத்தித் துணியைக் கல்லின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி ஒன்று தூக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். கிணுகிணு சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது, அன்றே ஆசாரியிடம் காட்டுங்கள்.

படி 5: எதைத் தள்ளி வைக்க வேண்டும்

பற்பசையும் சமையல் சோடாவும் முலாமை உரசி எடுத்துவிடும். (கேட்டால் நானே சாட்சி.) அதைவிட ஆபத்து குளோரின். நீச்சல் குளத்து நீரும் பிளீச்சும், முக்கியமாக நிக்கல் கலந்த ஒயிட் கோல்டில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கும். மெலிந்த கொக்கிதான் முதலில் உடையும்; கல் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. குளத்தில் இறங்குமுன் கழற்றி வையுங்கள். சென்ட், கிரீம் எல்லாம் பூசி முடித்த பிறகு நகை. கழற்றியதைத் தனித்தனிப் பையில் வையுங்கள், வைரம் பக்கத்து நகையைக் கீறிவிடும்.

படி 6: மறுமுலாம்

தினமும் போடும் மோதிரத்துக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தேவைப்படலாம். கம்மலும் பதக்கமும் உரசலே இல்லாமல் பல வருஷம் தாங்கும். அளவு மாற்றுவது, கொக்கி சரிசெய்வது போன்ற பற்றவைப்பு வேலை இருந்தால் அதை முதலில் முடியுங்கள். சூட்டில் முலாம் கெட்டுவிடும், இரண்டு முறை செலவு.

கடையில் எத்தனை மைக்ரான் பூசுவார்கள் என்று கேளுங்கள். பேருக்கு 0.1 மைக்ரான் பூசியது மோதிரத்தில் சில மாதம்கூட நிற்காது. பூசுமுன் மெருகேற்றுவார்கள், அதில் ஒவ்வொரு முறையும் தங்கம் கொஞ்சம் போகும். அதனால் மெல்லிய மோதிரத்துக்கு வருஷா வருஷம் முலாம் போட நான் சொல்லமாட்டேன். அந்த வெளிர் மஞ்சளே பிடித்திருந்தால், அரிப்பும் இல்லையென்றால், அப்படியே விட்டுவிடலாம்.

நகையைத் திரும்ப வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: துணி சிக்குகிறதா, உள்ளே அந்த 750 இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறதா.