‘இட் இஸ் வெல்’ கதையைச் சொல்லும்போது நேரும் தவறுகள்

அடக்க ஆராதனையில் ‘இட் இஸ் வெல் வித் மை சோல்’ (‘என் ஆத்துமா சுகந்தான்’) என்ற ஆங்கில ஞானப்பாட்டைப் பாடுவதற்கு முன் யாராவது எழுந்து அந்தப் பாட்டின் கதையைச் சொல்வதுண்டு. உருக்கமான கதைதான். ஆனால் வாய்க்கு வாய் மாறி அதில் சில தவறுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

வரிகளை எழுதியவரே ராகமும் போட்டார் என்பது ஒன்று. வரிகள் சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டுடையவை. ராகம் பிலிப் பிளிஸுடையது. பிளிஸை விட்டுவிட்டுக் கதை சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு கேட்காது. 1876 நவம்பரில் சிகாகோவின் ஃபார்வெல் ஹாலில் இதை முதன்முதலில் பாடியவர் அவர்தான். டிசம்பர் 29-ஆம் தேதி ஒஹாயோ மாநிலம் ஆஷ்டபுலாவில் ரயில் பாலம் இடிந்து அவரும் மனைவியும் இறந்துபோனார்கள். அப்போது அவருக்கு வயது 38.

அடுத்தது வரிசை. “முதலில் மகன் போனான், அப்புறம் தீ, அப்புறம் கப்பல், கடைசியில் பாட்டு” என்கிறார்கள். சிகாகோ நகரை எரித்த தீ 1871-இல். ‘வில் து ஹாவ்ர்’ கப்பல் மூழ்கி ஸ்பாஃபோர்டின் நான்கு மகள்களும் இறந்தது 1873 நவம்பர் 22-இல். மனைவி அன்னா மட்டும் பிழைத்தார். மகன் பிறந்ததே அதற்குப் பிறகுதான். 1880-இல் அவனும் இறந்தான். அதாவது, பாட்டு எழுதிய பிறகும் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தது. பாட்டோடு பாடு தீர்ந்துவிட்டதுபோல் சொல்வது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

பிள்ளைகள் மூழ்கிய இடத்தை ஸ்பாஃபோர்டு கப்பலில் கடந்தபோதே பாட்டை எழுதினார் என்று பின்னாளில் பிறந்த மகள் பெர்த்தா சொல்கிறார். 1876-இல் தான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது எழுதினார் என்கிறார் பாடகர் சாங்கி. அதனால் “சில நாட்களிலேயே தேறிவிட்டார், நீங்களும் தேறுங்கள்” என்று துக்க வீட்டில் சொல்லிவிடாதீர்கள். வேதாகமத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண்ணான சூனேமியாளை நினைத்துப் பாருங்கள். பெற்ற பிள்ளை மேல்வீட்டில் பிணமாகக் கிடக்க, கேட்டவனிடம் ‘சுகந்தான்’ என்கிறாள். அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது என்று தீர்க்கதரிசி எலிசாவும் சொல்கிறார். இரண்டும் ஒரே வேதபகுதியில்தான் இருக்கின்றன.

பாடும்போது செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பல்லவியில் ‘இட் இஸ் வெல்’ என்று சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) நீட்டும்போது, ஆண்குரல்கள் சற்றுப் பின்னால் வந்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடினால் அந்தப் பதில் காணாமல் போய்விடும். அவசரப்படாமல், கீழ்க்குரல் நுழைய இடம் விட்டுப் பாடுங்கள். அழுதுகொண்டு பாட முடியாமல் நிற்பவருக்கு, பக்கத்து வரிசையிலிருந்து அந்த வார்த்தை வந்து சேரும்.