உங்கள் ரைஃபிளின் பேரலைச் செய்தது யார்? கண்டுபிடிக்கும் வழி

கடையில் வாங்கிய வேட்டை ரைஃபிளின் மேல் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ அதே கம்பெனிதான் பேரலையும் (குண்டு பாயும் குழல்) செய்தது என்று நம்பிவிடாதீர்கள். முதலில் போல்ட்டை (பின்பக்கத்தை மூடும் தண்டு) கழற்றிவிட்டு, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று விரலை விட்டே பாருங்கள். அப்புறம் பேரலின் பக்கவாட்டில் இருக்கும் பொடி எழுத்துகளைப் படியுங்கள், பல நேரம் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். வெதர்பி வான்கார்டைச் செய்வது ஜப்பானின் ஹோவா. பிரௌனிங் எக்ஸ்-போல்ட்டும் ஜப்பான்தான், ஆனால் அது மிரோகு. டிக்காவின் பேரலும், அதைவிட விலை கூடிய சாகோவின் பேரலும் பின்லாந்தின் ரீஹிமாகியில் ஒரே ஆலையிலிருந்து வருகின்றன. டிக்காவை மட்டம் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

எழுத்து கைகொடுக்காவிட்டால் சீரியல் நம்பரை வைத்து வருடத்தைப் பிடியுங்கள். ரூகர் எம்77-இன் பழைய துப்பாக்கிகளில் பல, வெளியே வாங்கிய பேரலோடு வந்தவை. கனெக்டிகட்டின் வில்சன் ஆர்ம்ஸ் அப்படிக் கொடுத்த கம்பெனிகளில் ஒன்று. 1990களின் தொடக்கத்தில்தான் ரூகர் சொந்த ஆலையில் சுத்தியல் முறையில் அடித்துச் செய்ய ஆரம்பித்தது. அதனால் ‘ரூகர் பேரல் சுமார்’ என்று யாராவது சொன்னால் எந்த வருடத்து ரூகர் என்று கேளுங்கள். பேரலின் வெளிப்புறத்தில் திருகுபோல வரிகள் ஓடினால் அது சுத்தியல் அடித்த தடம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் அதை மழிக்காமல் அழகாகவே விட்டுவைக்கும்.

சரி, வடிவமைப்பது யார்? பேரலை வெளியே கொடுத்துச் செய்தாலும் நீளம், தடிமன், புரியின் முறுக்கு (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பது) எல்லாம் பெரும்பாலும் ரைஃபிள் கம்பெனி சொல்வதுதான். சேம்பர் அளவுகளுக்கு அமெரிக்காவில் சாமி என்றொரு தொழில் அமைப்பு இருக்கிறது (நம் சாமி இல்லை). என்னைக் கேட்டால், செய்தவர் பெயரைவிட முறுக்குதான் முக்கியம். 1955-இல் வின்செஸ்டர் தன் 243 தோட்டாவுக்கான பேரலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. அதே வருடம் ரெமிங்டன், சின்ன விலங்குகளைச் சுடத்தானே என்று நினைத்து, தன் 244 தோட்டாவுக்கு 12 அங்குலம் வைத்தது. மான் வேட்டைக்காரர்கள் கேட்ட நீளமான 100 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, மெதுவாகச் சுழற்றும் அந்தப் பேரலில் சரியாக நிலைப்படவில்லை, ஜனம் மொத்தமாக 243 பக்கம் சாய்ந்துவிட்டது. 1963-இல் ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக்கி, தோட்டாவுக்கு 6 எம்எம் ரெமிங்டன் என்று புதுப் பெயரும் வைத்துப் பார்த்தது. போன கூட்டம் திரும்பவில்லை.

உங்களுடையதை அளப்பது சுலபம். கைப்பிடி தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, சேம்பர் பக்கமிருந்து உள்ளே விடுங்கள். துணி புரியைப் பிடித்ததும் கம்பியின் மேல்பக்கம் ஒரு குறி போட்டு, அந்தக் குறி முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்வரை தள்ளி, கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று பாருங்கள். துணி வழுக்கினால் கணக்கு தப்பும், மூன்று முறையாவது அளந்து பாருங்கள். பழைய 244-இல் 12 வந்தால் 100 கிரெய்ன் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு 75 அல்லது 90 வாங்கிக்கொண்டு வாருங்கள்.