பென்ட்லண்ட் மாதிரி ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் பிடிப்பது எப்படி

இங்கிலாந்துக்காக 1909இல் ஐந்து கால்பந்து ஆட்டங்கள் ஆடியவர் ஃபிரெட் பென்ட்லண்ட். பிறகு கோச்சாக ஸ்பெயினுக்குப் போய் பில்பாவோவின் அத்லெட்டிக் கிளப்பையே மாற்றிக் காட்டினார். அவரைத் தேட ஆரம்பித்தபோது நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். பல மாதங்கள் இங்கிலாந்துப் பத்திரிகைகளை மட்டுமே புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்குப் போன கோச்சின் கதையை, அவர் போன ஊர்க்காரர்கள்தான் எழுதி வைத்திருப்பார்கள்.

முதலில் முழுப்பெயரைக் கண்டுபிடியுங்கள். பென்ட்லண்டின் நடுப்பெயர் பீக்கன்ஸ்ஃபீல்ட். ஃபிரெட் என்ற பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஃபிரெடரிக் பீக்கன்ஸ்ஃபீல்ட் பென்ட்லண்ட் என்று தேடினால் ஆள் தப்ப மாட்டார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளும் பிறப்புப் பதிவும் இதற்குப் போதும். 1921 கணக்கெடுப்பில் ஆள் கிடைக்காவிட்டால் பயப்பட வேண்டாம். அந்த வருடம் அவர் நாட்டிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்து போர்க்காலம். 1914இல் பென்ட்லண்ட் ஜெர்மனிக்குப் போனது ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சி கொடுக்க. போர் மூண்டதும் பெர்லினுக்குப் பக்கத்தில் ரூலேபன் முகாமில் அடைக்கப்பட்டார். அது ஒரு குதிரைப் பந்தயத் திடல். லாயங்களில்தான் கைதிகள் தூங்கினார்கள். இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 28 கோல் போட்ட ஸ்டீவ் புளூமரும் அங்கேதான் இருந்தார். அவரும் கோச் வேலைக்காக பெர்லின் வந்து மாட்டிக்கொண்டவர். அந்தப் போரின் கைதிப் பதிவேடுகளைச் செஞ்சிலுவைச் சங்கம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நீங்கள் தேடுபவர் 1914இல் ஜெர்மனியில் இருந்தவர் என்றால் அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

சரி, இப்போது பத்திரிகைகளுக்கு வருவோம். பார்சலோனாவிலிருந்து 1906இல் தொடங்கிய 'முந்தோ டெபோர்ட்டிவோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் பழைய இதழ்களையும், ஸ்பெயின் தேசிய நூலகம் வைத்திருக்கும் நாளிதழ்களையும் காசில்லாமல் படிக்கலாம். ஹாலந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இதேபோல் இலவசத் தொகுப்புகள் உண்டு. அந்த நாடுகளில் வேலை பார்த்த இன்னொரு இங்கிலாந்து கோச் ஜிம்மி ஹோகனைத் தேடுபவர்களுக்கு அவைதான் சுரங்கம்.

தேடும்போது பெயரை மட்டும் நம்ப முடியாது. மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். கடைசி 'டி' விழுந்திருக்கும், 'என்' 'யு' ஆகியிருக்கும். அதனால் ஆட்டத்தின் தேதியைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் இதழை வரி வரியாகப் படியுங்கள். நல்ல உதாரணம், 1931 பிப்ரவரி 8. பென்ட்லண்டின் அத்லெட்டிக் அன்று பார்சலோனாவை 12-1 என்று தோற்கடித்தது. அதைத் தோற்ற ஊரின் பத்திரிகையில் படித்துவிட்டு, பிறகு ஜெயித்த ஊரின் பத்திரிகையில் படியுங்கள். உங்கள் ஆளைப் பற்றி உருப்படியான செய்தி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். அப்புறம், பெயரே போடாமல் வெறும் 'மிஸ்டர்' என்றும் எழுதியிருப்பார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கோச்சுக்கு இன்றும் அதுதான் பெயர்.

இதற்கெல்லாம் மேல், கதைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். பில்பாவோவில் பென்ட்லண்ட் முதலில் சொல்லிக்கொடுத்தது பூட்ஸ் கயிற்றை ஒழுங்காகக் கட்டுவதுதான் என்பார்கள். ஜெயித்த நாளில் ஆட்டக்காரர்கள் அவருடைய வட்டத்தொப்பியைப் பிடுங்கி மிதித்தார்கள் என்பார்கள். எனக்கு இரண்டும் உயிர். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அது முதன்முதலில் அச்சான வருடத்தைத் தேடி, கதைக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஆட்டம் நடந்த வாரமே அச்சானது வேறு, முப்பது வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்னது வேறு. பின்னதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, 'என்று சொல்வார்கள்' என்று எழுதுங்கள்.

கடைசியாக, ஆள் ஓய்வு பெற்றதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். 1959 டிசம்பரில் லண்டனின் செல்சீ அணியுடன் ஒரு ஆட்டம் வைத்து, பென்ட்லண்டைத் தன்னுடைய சான் மமேஸ் மைதானத்துக்கு அழைத்துக் கௌரவித்தது அத்லெட்டிக். அவர் அங்கே கோச் வேலையை விட்டு 26 வருடம் ஆகியிருந்தது. அந்த வாரத்து பில்பாவோ பத்திரிகைகளை நிதானமாகப் படியுங்கள். அவரிடம் ஆடியவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள், வாய் திறந்து பேசினார்கள்.