நெறிமுறைக் குழுவுக்கு வெளி நிபுணரை அழைப்பது எப்படி?

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு தயக்கம் வரும். ஆய்வுத் திட்டம் பாதி புரியவில்லை, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், நாமும் ஆட்டிவிடலாமா? வேண்டாம். அந்த ஆய்வில் உடம்பைக் கொடுக்கப்போகிறவர் நம்மை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். மருத்துவ ஆய்வுகளுக்கான ஐசிஎச் (மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பு) வழிகாட்டுதல், குழுவில் குறைந்தது 5 பேர் வேண்டும் என்கிறது. உறுப்பினர் அல்லாத நிபுணரை உதவிக்கு அழைக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

படி 1: என்ன தெரியவில்லை என்று பாருங்கள்

கூட்டத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. திட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஆபத்துக்கும் நேரே, "இதை எடைபோடத் தெரிந்தவர் நம்மில் யார்?" என்று எழுதிப் பாருங்கள். பெயர் வராத இடத்துக்குத்தான் வெளியாள் தேவை.

நிபுணர் என்றால் பேராசிரியர்தான் என்று நினைக்க வேண்டாம். காது கேளாதவர்கள் பங்கேற்கும் ஆய்வில், ஒப்புதல் படிவம் அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதைச் சைகை மொழியிலேயே வாழ்பவர் சொல்வதுபோல் வேறு யாரும் சொல்ல முடியாது.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

ஆய்வாளரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவரா, அதே நிறுவனத்திடம் பணம் பெறுபவரா என்று கேளுங்கள். போட்டியாளராக இருந்தாலும் அது நலன் முரண்தான், அதாவது சொந்த லாப நட்டம் கருத்தைச் சாய்க்கக்கூடிய நிலை. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்தான பிறகே ஆவணங்களை அனுப்புங்கள்.

படி 3: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும்" என்று எழுதினால், "நன்றாக இருக்கிறது" என்று இரண்டு வரி வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கூர்மையான கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். ஆரோக்கியமான 6 பேருக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஊசி போட்டார்கள். ஆறு பேரும் அன்றே உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனார்கள், பிறகு பிழைத்தார்கள். இத்தகைய ஆய்வுகளில் ஒருவருக்குச் செலுத்திக் கவனித்த பிறகே அடுத்தவருக்குப் போக வேண்டும் என்று பின்னர் ஆராய்ந்த நிபுணர் குழு சொன்னது.

அப்படி ஒரு திட்டம் உங்களிடம் வந்தால் இப்படிக் கேளுங்கள்:

"முதல் நபருக்கும் இரண்டாம் நபருக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? ஏன்? விலங்குச் சோதனையில் தெரியாத எந்த விளைவு மனிதரிடம் வரக்கூடும்? அது வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் என்ன தயாராக இருக்க வேண்டும்?"

இதற்கு "நன்றாக இருக்கிறது" என்று பதில் எழுத யாராலும் முடியாது.

படி 4: கூட்டத்தில்

நிபுணர் விளக்குவார், கேள்விகளுக்குப் பதில் சொல்வார். முடிவெடுக்கும் நேரத்தில் வெளியே போய்விடுவார். அவருக்கு வாக்கு இல்லை, கோரத்திலும் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை) அவரைச் சேர்க்கக் கூடாது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பொறுப்பு குழுவுடையதே. அவர் சொன்னதையும், குழு அதை ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் கூட்டக் குறிப்பில் பதியுங்கள்.

நிபுணரின் கடிதத்தை அப்படியே ஆய்வாளருக்கு அனுப்பிவிடாதீர்கள். திருத்தம் தேவையென்றால் நிபுணரின் பெயரில்லாமல், குழுவின் கேள்வியாக எழுதி அனுப்புங்கள்.