சரிவில் கேரவனைக் கழற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கோயில் திருவிழாவுக்கு வடை கேரவனைக் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு போவது எங்கள் குடும்பத் தொழில். நிறுத்தக் கிடைப்பது பெரும்பாலும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள பழைய பந்துத் திடல்தான். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் லோங்காங், அதாவது சாக்கடை.

எங்கள் மச்சானுக்கு ஒரு பழக்கம். வண்டி நின்றதும், கேரவனைக் காரோடு இணைக்கும் கொக்கியைத் தூக்கிவிடுவார். சமதரையில் எப்படியோ ஒப்பேறியது. போன வருஷம் மேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு அதே வேகத்தில் கழற்றினார். கேரவன் பின்னால் நகர ஆரம்பித்தது. நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தோம். பிடித்தோம் என்பதைவிட, கூடவே நடந்தோம். கடைசியில் ஒரு செம்பனை மரம்தான் நிறுத்தியது.

10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் 1,200 கிலோ கேரவனை அது சுமார் 120 கிலோ விசையோடு கீழே இழுக்கிறது. உருளத் தொடங்கிவிட்டால் ஆள் பலத்தால் நிறுத்துவது நடக்காத காரியம். மாட்டியிருக்கும் வரை கேரவனைப் பிடித்து நிற்பது கார். கழற்றும் முன் அந்த வேலையை வேறு ஏதாவது ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை.

முதலில் கேரவனின் கைப்பிரேக். பாதி இழுத்துவிட்டுப் போதும் என்று நினைப்பதுதான் தவறு. ரிவர்ஸ் எடுக்க வசதியாக, பல கேரவன்களில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும்போது பிரேக் தானே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் பின்பக்கம் பள்ளமாக இருந்தால், பிரேக் போட்ட பிறகும் வண்டி சிறிது தூரம் உருண்டுதான் பிடிக்கும். நெம்புகோலை முழுசாக மேலே இழுங்கள். சின்ன டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது, அங்கே முட்டுக்கட்டை மட்டும்தான் துணை.

அந்த முட்டுக்கட்டைக்குப் பதில் கைக்குக் கிடைத்த செங்கல்லை வைப்பது நம் ஊர் வழக்கம். செங்கல் உடையும், ஈரப் புல்லில் வழுக்கும். சரிவாக அறுத்த மரக்கட்டையை, பள்ளத்துப் பக்கமாக, இரண்டு சக்கரத்துக்கும் இறுக்கி வையுங்கள். அப்புறம் கொக்கியைத் தொடாமலே கார் பிரேக்கை மெல்ல விட்டுப் பாருங்கள். கேரவன் கட்டையில் சாய்ந்து நின்றால் சரி. நகர்ந்தால் உடனே பிரேக்கை மிதிக்கலாம், கார்தான் இன்னும் மாட்டியிருக்கிறதே. இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

இடவலச் சமனைக் கழற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்ற கார் வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால் மறுபடி மாட்ட வேண்டியதுதான். முன்பின் சமனுக்கு அவசரமில்லை, முன்னால் உள்ள சிறு ஜாக்கி சக்கரத்தைச் சுற்றிச் சரிசெய்துகொள்ளலாம். ரசமட்டம் இல்லையென்றால் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். சமன் தவறினால் வடைச் சட்டி எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். அது வெறும் சமையல் பிரச்சினை அல்ல.

காரின் பின்னால் கொக்கி உட்காரும் உருண்டையைப் பலரும் ஆங்கிலத்தில் பால் (ball) என்பார்கள். ரப்பர் ஊரில் பால் என்றால் வேறு அர்த்தம், குண்டு என்றே வைத்துக்கொள்வோம். கொக்கி குண்டிலிருந்து எழும்ப மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். சரிவில் கார் கேரவனைத் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ நிற்பதால் வரும் இறுக்கம் அது. கட்டைகள் இருக்க, காரை ஒரு விரற்கடை முன்னே பின்னே நகர்த்தினால் விட்டுவிடும். ஜாக்கியைச் சுற்றும்போது காரின் பின்பக்கமும் கூடவே உயர்ந்தால் நிறுத்துங்கள். கொக்கி இன்னும் பூட்டியிருக்கிறது.

ஜாக்கி சக்கரம் மழைக்குப் பிந்திய செம்மண்ணில் புதையும். அடியில் தடித்த பலகை வேண்டும். அதைப் பிடிக்கும் கிளிப்பையும் இறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் குழாய் சட்டென்று உள்ளே இறங்கி, கேரவனின் மூக்கு, அதாவது கொக்கி உள்ள முன்முனை, காலில் விழும்.

எடை இருக்கும் இடமும் முக்கியம். மூக்கு மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை கீழே அழுத்த வேண்டும், அதாவது 1,200 கிலோவுக்கு 60 முதல் 84 கிலோ. 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) இரண்டு, 100 லிட்டர் தண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாம் பின்பக்கம் இருந்தால், கொக்கி விட்டதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். உள்ளே ஆள் இருக்கும்போது கழற்றவே கூடாது. காருக்கும் கேரவனுக்கும் நடுவிலோ பள்ளத்துப் பக்கமோ பிள்ளைகள் நிற்கக் கூடாது.

மின்வயரையும் பாதுகாப்புக் கம்பியையும் எடுக்க மறந்து காரை ஓட்டுபவர்கள் உண்டு. ஓரடி நகர்த்தி நிறுத்தி, இறங்கிப் பாருங்கள்.

மூலைக் கால்களை இறக்குவது இதற்கெல்லாம் பிறகு. அவை கேரவன் ஆடாமல் இருக்கத்தான், தூக்குவதற்கு அல்ல. மச்சான் அவற்றையும் ஜேக்காகத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார். எங்கள் கேரவனின் ஒரு கால் இப்போது வளைந்து, இரண்டு பலகை வைத்தால்தான் ஊன்றுகிறது.