பெருவள்ளி நடுவது எப்படி: அழுகாத விதைத்துண்டும் உயிருள்ள கொழுகொம்பும்

பெருவள்ளி என்பது கொம்பில் ஏறும் ஒரு கொடியின் அடியில் விளையும் பெரிய கிழங்கு. முதல் முறை நான் நட்ட 12 துண்டுகளில் முளைத்தவை மூன்றுதான். மற்றவை மண்ணுக்குள்ளேயே கூழாகிவிட்டன. உரத்தையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்; தப்பு கிழங்கை வெட்டிய விதத்தில் இருந்தது. அதனால் அந்தக் கட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1. விதைக்கிழங்கு
அறுவடையான கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். அதற்குள் நட்டால் முளைக்காமல் கிடக்கும். தலைப்பகுதியில் சின்ன முளை தெரியும் வரை பொறுங்கள்.

2. வெட்டுவது
உருளைக்கிழங்கில் தேடுவது போல இதில் கண் தேடாதீர்கள், இருக்காது. தோலுக்குச் சற்று உள்ளே இருக்கும் திசுவிலிருந்துதான் முளை புதிதாக உருவாகிறது. ஆகவே தோல் ஒட்டாத நடுச்சதைத் துண்டு எத்தனை பெரியதாக இருந்தாலும் வீண். என் துண்டுகளில் பாதி அப்படிப்பட்டவை. மீதியை வெட்டிய ஈரம் காயுமுன் நட்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு துண்டும் 200 முதல் 250 கிராம் இருக்கும்படி, தோலோடு வெட்டுகிறேன். வெட்டுவாயில் மரச்சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துகிறேன். தலைத்துண்டு முந்தி முளைக்கும், வால்துண்டு பிந்தும். தனித்தனியே நட்டால் குழப்பமில்லை. கத்தி மெல்லியதாக, நல்ல கூராக இருக்கட்டும். மழுங்கிய அரிவாள் சதையை நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

விதை கொஞ்சமாக இருந்தால் நைஜீரியாவில் உருவான சிறுதுண்டு முறை இருக்கிறது. 25 கிராம் அளவு துண்டுகளை நாற்றுப்பாத்தியில் முளைக்கவைத்து நடுவார்கள். கிடைப்பது சின்னக் கிழங்குதான். ஆனால் அடுத்த பருவத்தில் அதை வெட்டாமல் முழுசாக நடலாம், அழுகல் பயம் வெகுவாகக் குறையும்.

3. குழியும் மூடாக்கும்
45 செ.மீ. ஆழக் குழி, செடிக்குச் செடி 90 செ.மீ. மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மேடாக்கி நடுங்கள். அன்றைக்கே காய்ந்த இலைகளால் கனமாக மூடிவிடுங்கள். சூடேறிய மண்ணில் முளை வெந்துபோகும். பிளாஸ்டிக் விரிப்பு எனக்குப் பிடிக்காது. இலை மக்கி மண்ணாகும், பிளாஸ்டிக் ஆகாது.

4. கொழுகொம்பு
வருடாவருடம் மரம் வெட்டிக் கம்பு ஊன்றுவது தோட்டத்துக்கும் காட்டுக்கும் நட்டம். கிளைரிசிடியா மரத்தின் போத்துகளை (வெட்டிய கிளைத்துண்டுகளை) முந்தைய பருவத்திலேயே ஊன்றி வேர்பிடிக்க விடுங்கள். கொடிக்குத் தாங்கல், மண்ணுக்குத் தழைச்சத்து, கவாத்து செய்த தழை மூடாக்குக்கு. நிழல் கட்டினால் மட்டும் கிழங்கு சிறுத்துவிடும், எனவே கவாத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் மூன்று மாதம் களை எடுத்தால் போதும், அப்புறம் கொடியே மூடிக்கொள்ளும். இடைவெளியில் தட்டைப்பயறு போடலாம்.

5. அறுவடை
ஒன்பது, பத்து மாதத்தில் இலை மஞ்சளாகிக் கொடி காயும். கடப்பாரை வேண்டாம், மண்வெட்டியால் தள்ளி வெட்டி, பிறகு கையால் மண்ணை விலக்குங்கள். காயம் பட்டதை முதலில் சமைத்துவிடுங்கள். மற்றதைக் காற்றோட்டமான நிழலில் பரப்புங்கள். குளிர்சாதனப் பெட்டி ஆகாது, 12 டிகிரிக்குக் கீழே கிழங்கு உள்ளுக்குள் கெடும். நூற்புழு (மண்ணிலிருந்து வேரையும் கிழங்கையும் தாக்கும் நுண்ணிய புழு) பெருகாமலிருக்க, அதே குழியில் அடுத்த முறை வேறு பயிர் வையுங்கள்.

பிற்சேர்க்கை: "கொடி இலையே இல்லாமல் கம்பி மாதிரி நீள்கிறது, நோயா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நோய் இல்லை. கிழங்கில் சேர்ந்த மாவுச்சத்தை வைத்து முதலில் ஏறும், பிறகுதான் இலை விரியும். நுனியைக் கிள்ளாமல் கொம்பில் சேர்த்துவிடுங்கள். அது தானாகச் சுற்றுகிற திசையிலேயே விடுங்கள், மாற்றிச் சுற்றினால் அவிழ்ந்துகொள்ளும்.