மேடு பள்ளச் சாலையில் ஓடும் வேகக் காருக்கு எந்த வீல் அளவு? விர்டஸ் ஜிடியை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி வாங்கியவர்களில் பலருக்கு முதலில் உறுத்துவது வீல்தான். 1.5 லிட்டர் டர்போ இன்ஜின், 150 பிஎஸ் திறன். கம்பெனி கொடுப்பதோ 16 அங்குல அலாய். வீல் ஆர்ச்சுக்குள் காலி இடம் தெரிகிறது, 18 போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கார் ஓடப்போவது மெட்ரோ வேலை நடக்கும் சென்னைத் தெருக்களில். குழிமேல் போட்ட இரும்புத் தகடு, சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிய மேன்ஹோல் மூடி, மழைநீரில் மறைந்த பள்ளம் எல்லாம் அங்கே உண்டு. அந்த அடியிலிருந்து ரிம்மைக் காப்பது டயரின் சைட்வால், அதாவது பக்கச் சுவர், மட்டுமே. அதனால் ரிம்மிலிருந்து தொடங்காமல் சைட்வாலிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்.

படி 1: இப்போது இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

டயரில் 205/55 ஆர்16 91வி என்று இருக்கும் (கடைசியில் வரும் 91 சுமைக் குறியீடு, வி வேகக் குறியீடு). அகலம் 205 மி.மீ. சைட்வால் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மி.மீ. ரிம் விட்டம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. ரிம் விட்டத்தோடு சைட்வாலை இருமுறை கூட்டினால் டயரின் முழு விட்டம் வரும்: 632 மி.மீ. இந்த 113, 632 இரண்டையும் எழுதி வையுங்கள். கடையில் பேரம் பேசும்போது கைகொடுக்கும்.

படி 2: கடைக்காரர் சொல்லும் அளவுகளைச் சலித்தெடுங்கள்

முழு விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும், டயர் எங்காவது உரசவும் வாய்ப்பு அதிகம். இந்தச் சலிப்பில் பெரும்பாலான அளவுகள் தேறிவிடும். உண்மையில் வித்தியாசம் தெரிவது சைட்வாலில்தான்.

225/40 ஆர்18: விட்டம் 637, சைட்வால் வெறும் 90. காகிதத்தில் கச்சிதம், ஆனால் 23 மி.மீ. பாதுகாப்பு போய்விட்டது. பள்ளத்தின் விளிம்பில் இறங்கும்போது டயர் முழுக்க நசுங்கி, ரிம்மின் உதட்டுக்கும் தார் விளிம்புக்கும் நடுவே சிக்கும். உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து சைட்வாலில் புடைப்பு வரும், இல்லையேல் ரிம்மின் உட்பக்க உதடு வளையும். உட்பக்கம் என்பதால் வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

215/45 ஆர்17: விட்டம் 625, சைட்வால் 97. நெடுஞ்சாலைக்குப் பரவாயில்லை, நகரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

205/50 ஆர்17: விட்டம் 637, சைட்வால் 102. 17 போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் முதலில் தேட வேண்டிய அளவு இது. ரிம் அகலம் 6.5 அல்லது 7 அங்குலம் போதும்.

215/50 ஆர்17: சைட்வால் 107, கேட்க நன்றாக இருக்கிறது. விட்டம் மட்டும் 647க்குப் போகிறது, 2.4 சதவீதம் கூடுதல். கியர் விகிதம் நீண்டுவிட்டதுபோல் பிக்கப் சற்று மந்தமாகும். வேகத்துக்காக வாங்கிய காரில் அதை இழப்பானேன்?

எங்கள் தேர்வு வேறு. 16 அங்குலத்திலேயே நின்று, அந்தப் பணத்தை நல்ல 205/55 ஆர்16 டயரில் போடுங்கள். ரோடு கிரிப், ஈரத்தில் பிரேக்கிங் இரண்டும் ரிம் அளவைவிட டயர் ரப்பரையே அதிகம் நம்பியிருக்கின்றன. பெரிய ரிம் பொதுவாக எடையும் கூடியது. சஸ்பென்ஷனுக்குக் கீழே வீலோடு சேர்ந்த அந்த எடை ஒவ்வொரு குழியிலும் உடம்புக்குத் தெரியும்.

படி 3: சுமைக் குறியீடு

91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 215/45 ஆர்17 சாதாரண வகையில் 87 என்று வரும். அது 545 கிலோதான். விலை குறைவு என்று அதை எடுக்காதீர்கள். எக்ஸ்எல் (கூடுதல் சுமை) வகை வாங்கினால் அதே சுமைக்குச் சில பிஎஸ்ஐ காற்று கூடுதலாக வேண்டும், அதனால் 91ஐவிட ஒரு படி மேலே உள்ளதாகப் பாருங்கள். 205/50 ஆர்17இல் 93 எக்ஸ்எல் கிடைத்தால் நல்லது.

படி 4: ரிம் பொருந்துமா?

போல்ட் அமைப்பு 5x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். 5x112 ரிம்மைத் துளை அகட்டி மாட்டித் தருகிறேன் என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நடுத்துளை 57.1 மி.மீ. சந்தையில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொதுவாக 73.1 மி.மீ. துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் வேண்டும், அது இல்லாமல் மாட்டினால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டீயரிங் நடுங்கும்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் தளம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு. பழைய ரிம்மின் பின்புறத்தில் ET என்ற எழுத்தோடு பொறித்திருக்கும். ஆஃப்செட் மாறாமல் அகலம் ஒரு அங்குலம் கூடினால் உள்ளும் புறமும் 12.7 மி.மீ. வீதம் கூடும். ஆஃப்செட் 5 குறைந்தால் வீல் 5 மி.மீ. வெளியே தள்ளும்.

பலரும் கோட்டைவிடும் இடம் போல்ட். ஃபோக்ஸ்வேகனின் ஒரிஜினல் போல்ட்டின் தலை உட்காரும் பகுதி உருண்டை வடிவம். வெளிச்சந்தை அலாய்கள் பெரும்பாலும் கூம்பு வடிவம் கேட்கும். மாற்றி மாட்டினால் இறுகியதுபோல் தோன்றும், ஓட ஓடத் தளரும். புதிய போல்ட் வாங்குங்கள்; பழையதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள். பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டும் நேரத்தில் அதுதான் வேண்டும்.

ரிம்மின் பின்புறத்தில் தாங்கும் சுமை கிலோவில் பொறித்திருக்க வேண்டும். அது ஆக்ஸிலின் உச்ச எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. அந்த எழுத்தே இல்லாத ரிம், எவ்வளவு பளபளத்தாலும், வேண்டாம்.

படி 5: டயர் ஏற்றுவதற்கு முன் ஒத்திகை

டயர் இல்லாமல் வெறும் ரிம்மை முன் ஹப்பில் மாட்டிக் கையால் சுற்றுங்கள். பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இருக்கட்டும். டயர் ஏற்றிய பிறகு எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார். டயர் ஏற்றியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு வேகத்தடை ஏறி இறங்கி, வீல் ஆர்ச்சின் உட்பக்க பிளாஸ்டிக் லைனரில் உரசல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்.

படி 6: மாட்டிய பிறகு

போல்ட்களை நட்சத்திர வரிசையில், டார்க் ரென்ச் வைத்து 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஏர் கன்னோடு விடாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். அலைன்மென்ட் பார்த்து, டயர் காற்று எச்சரிக்கையையும் மறு அமைப்பு செய்யுங்கள். வீல் மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் இந்த வாரமே செய்ய வேண்டியது.

காற்று, கம்பெனி சொல்லும் அளவுக்குக் குறையக் கூடாது. சொகுசுக்காக 4 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டுபவர்களுக்குத்தான் ரிம் அடிக்கடி வளைகிறது. தவிர்க்க முடியாத பள்ளம் வந்தால் அதற்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, விளிம்பில் இறங்கும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். மிதித்தபடி இறங்கினால் முன் சஸ்பென்ஷன் ஏற்கனவே அமுங்கிக் கிடக்கும், அடி முழுக்க வீலுக்குப் போகும்.

பலமாக அடி வாங்கினால் அன்றே காரைத் தூக்கி உட்பக்க உதட்டைப் பாருங்கள். லேசான வளைவை ரிம் பெண்டு எடுக்கும் கடையில் நேராக்கலாம். விரிசல் விட்ட ரிம்மை வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். சைட்வால் புடைத்த டயருக்கும் ரிப்பேர் கிடையாது, புதிது வாங்குவது ஒன்றே வழி.